அழுகுரலும் கூலிக்கணக்கும்

பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலைக் கல்லூரி வகுப்புகளில் தேசியப் பாடல்களின் வரிசையில் வைத்துத்தான் நடத்துகிறோம். ‘பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்’ என்று அதற்கொரு துணைத்தலைப்பு உண்டு. நடுக்கடலில் ஒரு தீவு, அங்கே வாடும் நம் பெண்கள், அவர்கள் அழுததைக் கேட்ட காற்று, கடைசியில் காளியிடம் முறையீடு என்று மாணவிகள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பாடலிடம் நான் கேட்க விரும்புவது வேறு: அந்தப் பெண்களுக்கு என்ன கூலி?

கவிதையிடம் சம்பளக் கணக்குக் கேட்பது அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் பாடல் உழைப்பில்தான் தொடங்குகிறது. சோர்ந்து விழும் கைகால்களும் செக்கு இழுக்கும் மாடும் முதலிலேயே வந்துவிடுகின்றன. பாடல் நகர நகர அந்த உழைக்கும் உடம்பு அழும் குரலாக மாறுகிறது. அழுகை, கற்பு பறிபோகும் வேதனையாகிறது. வேதனை தெய்வத்தின் முன் வைக்கப்படுகிறது. வயலில் தொடங்கிய துயரம் சன்னிதியில் போய் முடியும்போது, வயலுக்குச் சொந்தக்காரன் பாடலுக்கு வெளியே தப்பித்துவிடுகிறான்.

அந்த வயலுக்கு ஒரு கணக்கு இருந்தது. 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிஜிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. வட ஆர்க்காடு, தஞ்சாவூர், மலபார் ஆகியவற்றோடு கோயம்புத்தூரும் ஆள் பிடிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது விதி. ‘அக்ரிமென்ட்’ என்ற சொல் அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆனது. ஐந்தாண்டு ஒப்பந்தம். ஊர் திரும்ப இலவசப் பயணம் வேண்டுமென்றால் பத்தாண்டு அங்கே இருந்தாக வேண்டும். ஒரு நாளைக்கு அளந்து கொடுத்த வேலையை முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். ஒரு ஷில்லிங் என்பது பன்னிரண்டு பென்ஸ். வேலைக்கு வராவிட்டாலும், அளவை முடிக்காவிட்டாலும் நீதிமன்றம், அபராதம், சிறை. ஒப்பந்தத்தை மீறுவது கடன் தகராறாக அல்ல, குற்றமாகவே நடத்தப்பட்டது. கட்டாய உழைப்பு என்று நாம் இன்று சொல்வதன் எலும்புக்கூடு இதுதான்.

இந்த வரலாற்றில் ஒரு பெண்ணின் சொந்தக் கூற்று நமக்குக் கிடைத்திருக்கிறது. குந்தி என்ற அந்தப் பெண் கோரக்பூர் பகுதியைச் சேர்ந்தவர், சமார் சாதியில் பிறந்தவர். 1912இல் ஒரு வாழைத் தோட்டத்தில் தனியாகக் களையெடுக்க அனுப்பப்பட்டார். வெள்ளை மேற்பார்வையாளன் அங்கே வந்து கைவைக்க முயன்றபோது உதறிக்கொண்டு ஓடி ஆற்றில் குதித்தார். படகோடு வந்த ஒரு பையன் காப்பாற்றினான். அவர் கூற்று 1913இல் கல்கத்தாவின் ‘பாரத மித்ரா’ இதழில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. அரசாங்கம் அவரைப் பொய்க்காரியாக்கப் பார்த்தது. தேசியவாதிகள் கற்பைக் காத்த வீராங்கனையாக்கினார்கள். வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் பின்னாளில் இந்த வழக்கை ஆராய்ந்தபோது, பெண்கள் சுமந்த வேலைப்பளுவையும் அவர்கள்மேல் போடப்பட்ட வழக்குகளையும் நம் கண்முன் வைத்தார். குந்தி ஏன் அன்று தனியாக இருந்தார்? வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் அந்த மேற்பார்வையாளன் கையில் இருந்ததால். வன்முறைக்கு வழிவிட்டது கூலிமுறைதான். கற்பின் கதையாகச் சொல்லப்பட்டபோது இந்தக் காரணம் காணாமல் போயிற்று.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்: கற்பின் மொழி வென்றது. 1912இல் கோகலே சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. அடுத்த சில ஆண்டுகளில் பெண்களின் மானம் என்ற முழக்கம் ஊர் ஊராகப் பரவியது. 1917இல் சரோஜினி நாயுடு மேடையேறிப் பேசினார். பெண்களின் தூதுக்குழு வைஸ்ராயைச் சந்தித்தது. அந்த ஆண்டே ஆள் எடுப்பது நின்றது. 1920 ஜனவரி 1 அன்று எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. பாரதியின் பாடல் இந்தப் பெருங்கோபத்தின் தமிழ்க்குரல். அதன் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வெற்றிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி. அனுதாபத்தோடு பிஜிக்குப் போய்வந்த ஆண்ட்ரூஸ், பியர்சன் அறிக்கைகூட லைன் வீடுகளில் பெண்களின் ஒழுக்கம் சிதைந்ததையே பெருந்துயராகக் கண்டது. ஒன்பது பென்ஸ்காரி தொழிலாளியாக நினைவில் நிற்கவில்லை; கெடுக்கப்பட்டவளாக, அல்லது கெட்டவளாக நின்றாள்.

கற்பு என்ற சொல்லைத் தமிழ் படித்தவர்கள் தொல்காப்பியத்தில் சந்தித்திருப்போம். கொடுப்பதற்கு உரியவர் கொடுக்க, கொள்வதற்கு உரியவர் கொள்ளும் மணமுறையையே அது கற்பு என்கிறது. அந்த வரையறையில் பெண் கொடுப்பவளும் இல்லை, கொள்பவளும் இல்லை; கொடுக்கப்படுபவள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அவள் பத்திரமாகப் போய்ச்சேர வேண்டும். இந்தச் சொல்லை நம்பி ஒரு தொழிற்சாலையையே நடத்தலாம் என்று கண்டுகொண்டவர்கள் எங்கள் ஊர்ப்பக்கத்து மில்காரர்கள்.

‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரைக் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் தெரியாதவர்கள் இல்லை. ‘கேம்ப் கூலி’ என்றும் சொல்வார்கள். வறண்ட மாவட்டங்களிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளையெல்லாம் தரகர்கள் நூற்பாலைகளுக்கு அழைத்துவந்தார்கள். மூன்று வருட வேலை, மில் வளாகத்திலேயே விடுதி, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை. அந்தத் தொகை அன்பளிப்பு அல்ல. அவர்களுடைய கூலியிலிருந்தே பிடித்துவைத்த பணம். நடுவில் உடம்புக்கு முடியாமல் கிளம்பினால் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. வரதட்சணை 1961இலேயே சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆனால் வரதட்சணைக்கென்று ஒரு வேலைத்திட்டம் வெளிப்படையாகவே நடந்தது. பெயரைக் கவனியுங்கள். வேலைக்கு வருபவளுக்குத் தொழிலாளி என்ற பெயர் இல்லை. இன்னும் வராத கணவனின் பெயரால் அவள் சுமங்கலி.

போத்தனூரிலிருந்து கல்லூரிக்கு வந்து படித்த மாணவி ஒருவர், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஒரு மில் விடுதியில் இருந்துவிட்டு வந்தவர். பாரதி பாடலோடு கிர்மிட் முறையை நான் விளக்கிய அன்று எழுந்து கேட்டார்: “வேலைய முடிக்கலைன்னா கூலியே கிடையாதுங்களா மேம்? எங்க மில்லுலயும் அப்படித்தானுங்க. மூணு வருசம் முடிச்சாத்தான் பணம். வெளிய விடமாட்டாங்க. கேட்டா, உங்க நல்லதுக்குத்தான்னு சொல்லுவாங்க.” எந்த விளக்க நூலும் காட்டாத தொடர்பை அவர் காட்டினார். இரண்டு இடத்திலும், முடித்தால்தான் கூலி என்ற விதியே பூட்டு. பிஜியில் அந்தப் பூட்டைக் காத்தது நீதிமன்றம். இங்கே காப்பது பாதுகாப்பு என்ற சொல். பெண்பிள்ளை பத்திரமாக இருப்பாள் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுத்துத்தான் விடுதிக் கதவு சாத்தப்படுகிறது. பிஜிப் பெண்ணுக்காக நாடு அழுத அதே சொல், கொங்குநாட்டுப் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டுகிறது.

வேறு மாதிரி எழுதவும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை, கோவை எழுத்தாளர் இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும் அதில் வருகிறார்கள். துரைகளின் வக்கிரம் அதிலும் உண்டு. ஆனால் முன்பணம், காய்ச்சல், அடையாத கடன் ஆகியவற்றின் நடுவே அது வருகிறது. எனவே அதைத் தனியாகப் பெயர்த்தெடுத்துக் கற்பின் கதையாக்க முடிவதில்லை.

சட்டமும் ஒரு வாசிப்பைத் தந்திருக்கிறது. ஆசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது. விலங்கு தேவையில்லை, பசி போதும் என்பது அதன் சாரம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலைபார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி, 2022இல் நிறுவனத்தோடும் துணி வாங்கும் பிராண்டோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்தது. தொழிலாளிப் பெண்களே ஆலைக்குள் கண்காணித்துப் புகார் எழுப்பும் உரிமையை அது உறுதிசெய்தது. பாலியல் வன்முறை அங்கே மானப் பிரச்சினையாக அல்ல, தொழிலாளர் பிரச்சினையாக எழுதப்பட்டது. நூறாண்டுக்கு முன் குந்திக்குக் கிடைக்காத வாசிப்பு அது.

‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலைத் தொடர்ந்து நடத்துவோம். ஆனால் காளியிடம் போய்ச்சேர்வதற்கு முன் அந்தச் செக்குமாட்டு உவமையில் மாணவிகளைக் கொஞ்சம் நிறுத்துவோம். செக்கு யாருடையது, எண்ணெய் எங்கே போயிற்று, அவளுக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று அவர்கள் கேட்கட்டும்.