அருளைத் தீட்டிய சுவர்கள்

விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரம் என்னும் ஓவிய இலக்கணப் பகுதி, சுவைகளை ஒன்பதாக வகுத்து, சிருங்காரம், நகை, சாந்தம் ஆகிய மூன்றை மட்டுமே வீடுகளில் தீட்டலாம் என்றும், கருணை முதலிய எஞ்சியவை கோயிலுக்கும் அரசவைக்கும் உரியவை என்றும் விதிக்கிறது. அந்நூல் சொல்லும் கருணை துயரத்தில் பிறக்கும் அவலச்சுவை. பிற உயிருக்கு இரங்கும் அருள் வேறு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அழுகையை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக்கி, அருளலை அடுத்து வரும் பட்டியலில் தனியே எண்ணுகிறது. ஆகவே அருளைக் கருவாகக் கொண்ட ஓவியத்தில் கண்ணீரைத் தேடுவோர் வழி தவறுகின்றனர்.

தஞ்சைப் பெரிய கோயிலில், எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் கண்டறிந்த சோழர் ஓவியங்களுள் திரிபுராந்தகர் காட்சியும் ஒன்று. அதில் போருக்கெழும் அசுரரைப் பற்றிக்கொள்ளும் பெண்டிரின் அச்சமும் தவிப்பும் தூய அவலமே.

சித்தன்னவாசல் குடைவரையின் விதானம் இதற்கு நேர்மாறானது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குடைவரையைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. விதானத்தில் உள்ள தாமரைக் குளத்தை, தீர்த்தங்கரர் அறமுரைக்கும் பேரவையாகிய சமவசரணத்தின் ஒரு பகுதியாக அறிஞர் கொள்வர். மீனும் பறவையும் எருமையும் யானையும் ஒரே நீரில் உலவ, எதுவும் எதையும் துரத்தவில்லை. ஒருவர் கையில் பூக்குடலை தொங்க மலர் கொய்கிறார், மற்றொருவர் தண்டோடு தாமரையைத் தோளில் சாய்த்து நிற்கிறார். எந்த முகத்திலும் இரக்கம் எழுதப்படவில்லை. பகையின்மையே அங்கு அருளின் குறியீடு.

சோழர் தம் முன்னோனாக உரிமை கொண்டாடிய சிபியின் கதையை அஜந்தாவின் முதற்குகை துலாக்கோலால் உணர்த்துகிறது. அடைக்கலம் புகுந்த புறாவின் எடைக்கு அரிந்து வைத்த தன் ஊன் ஈடாகாமல் அரசனே தட்டில் ஏற வேண்டியிருப்பதால், அக்கோல் அருளை அளக்க முயன்று தோற்கும் கருவியாகிறது. குறியீட்டின் கூர்மை இதிலேயே மிகுதி எனலாம். ஆயினும் கதை அறியாதவருக்கு அது வெறும் தராசே.

விஜயநகர, நாயக்கர் கால மரபு, திருப்பருத்திக்குன்றச் சமணக் கோயிலில் காண்பதுபோல், வரிசை வரிசையாகக் கதை தொடுத்து எழுத்து விளக்கமும் சேர்த்து இக்குறையை நீக்கிற்று. சேர்வராயன் மலைக்கு வடக்கே அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்திலும் இராமாயண, மகாபாரதக் காட்சிகள் உண்டு. கதை தெளிவாயிற்று, ஆனால் அடுத்த காட்சிக்கு விரையும் கண், சித்தன்னவாசல் குளத்தில் தங்குமளவு எங்கும் தங்குவதில்லை.