கட்டணமில்லா ஹெவி மெட்டல் பதிவிறக்கம்: இலவசமும் கட்டற்றதும்

ஹெவி மெட்டல் இசையைப் பணம் கொடுக்காமலும் சட்டத்தை மீறாமலும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது: முடியும். எதை, எங்கிருந்து, எந்த நிபந்தனையின்பேரில் என்று அடுத்துக் கேட்கும்போதுதான் விடை நீள்கிறது. தமிழில் இது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை தளங்களின் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. பட்டியல் பழசாகிவிடும், தளங்கள் கைமாறும், மூடப்படும். எந்தப் பாட்டு உண்மையிலேயே கொடுக்கப்பட்டது, எது எடுக்கப்பட்டது என்று பிரித்தறியும் பழக்கம் வந்துவிட்டால் பட்டியல் தேவைப்படாது.

சென்னையின் தெற்கே வேளச்சேரி – தாம்பரம் சாலையில், சோழிங்கநல்லூருக்குப் பிரியும் இடத்தில் உள்ள மேடவாக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். கிழக்கே சில கிலோமீட்டரில் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள். கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு இருசக்கர வாகனத்தில் போகும் மாணவர் இங்கு அரிய காட்சியல்ல. ஆனால் இவர்களுக்கு முந்தைய தலைமுறை ஒரு மெட்டல் குறுந்தகடு வாங்க நுங்கம்பாக்கம் லாண்ட்மார்க்குக்கோ ஸ்பென்சர் பிளாசாவிலிருந்த மியூசிக் வேர்ல்டுக்கோ பேருந்து ஏறவேண்டியிருந்தது. மியூசிக் வேர்ல்டு 2013-இல் மூடப்பட்டது. கடை போனபின் எஞ்சியவை நண்பரின் பென் டிரைவும், பெயர் தெரியாத யாரோ நடத்தும் எம்.பி.3 தளங்களும்தான். ஸ்வீடனின் ஓபெத் குழு 2009-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கு வந்து வாசித்தபோது கூட்டம் பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்தது என்றால், அந்தப் பாடல்கள் எல்லாம் கடையில் வாங்கப்பட்டவை என்று எவரும் நம்பப்போவதில்லை.

சொல்லில் தொடங்கும் குழப்பம்

ஆங்கிலத்தில் ஒரே சொல் 'காசில்லாமல்' என்றும் 'கட்டுப்பாடில்லாமல்' என்றும் பொருள்படும். தமிழுக்கு அந்தச் சங்கடம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. திருமண வீட்டில் பந்தியில் சாப்பாடு இலவசம். ஆனால் அண்டாவோடு தூக்கிக்கொண்டு போக முடியாது. இந்த இரண்டு சொற்களும் கையில் இருந்தும் தமிழ் இணையம் எல்லாவற்றையும் 'இலவசப் பதிவிறக்கம்' என்றே எழுதி வருவது வருத்தத்துக்குரியது. (பதிப்புரிமை, காப்புரிமை என்ற சொற்களும் மாறிமாறி வழங்குகின்றன. புத்தாக்கத்துக்கான உரிமையைக் காப்புரிமை என்றும் படைப்புக்கானதைப் பதிப்புரிமை என்றும் வைத்துக்கொள்வது மாணவருக்கு நல்லது.)

ஒலிப்பதிவு உரிமை என்ற கருத்து தமிழருக்குப் புதியதும் அல்ல. பாரதியார் பாடல்களின் இசைத்தட்டு உரிமை தனியே விற்கப்பட்டு, முதலில் சென்னையின் ஒரு வணிகரிடமும் பின்னர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடமும் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது தகராறு எழுந்ததும், அதைத் தொடர்ந்த கிளர்ச்சிக்குப் பின் 1949-இல் அரசு உரிமைகளைப் பெற்றதும் ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வில் விரிவாக உள்ளன. அதன் பிறகு நாட்டுடைமை என்ற ஏற்பாடும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் எழுத்துக்குக் கட்டற்ற ஒரு களத்தைத் தமிழில் உண்டாக்கின. ஒலிப்பதிவுக்கு அதற்கு நிகரான களம் உருவாகவில்லை. திரைப்பாட்டு எல்லாத் திசையிலிருந்தும் காதில் விழும் ஊரில் பாட்டு என்பது காற்றுபோல என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை.

நாடாவிலிருந்து நாப்ஸ்டர் வரை

மெட்டல் இசையின் வரலாற்றிலேயே இந்த முரண் இருக்கிறது. மெட்டாலிகா குழு 1982-இல் பதிவு செய்த 'நோ லைஃப் டில் லெதர்' என்ற மாதிரி நாடாவை ரசிகர்கள் படியெடுத்து அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே குழுவுக்குப் பெயர் கிடைத்தது அப்படித்தான். அதே குழு 2000 ஏப்ரலில் நாப்ஸ்டர் மீது வழக்குத் தொடுத்து, தங்கள் பாடல்களைப் பகிர்ந்ததாக 3,35,435 பயனர் பெயர்களைத் தாள்தாளாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. அடுத்த ஆண்டு சமரசமாயிற்று. மெட்டாலிகாவின் இரட்டை வேடம் என்று இதைச் சொல்வது எளிது; அது முழு நியாயமல்ல. நாடாவைப் பரப்பியது குழுவின் விருப்பத்துக்கு இசைந்தது. நாப்ஸ்டரில் சுற்றியவற்றில் வெளியிடப்படாத பதிவும் இருந்தது. கொடுப்பவர் கையிலிருந்து போகிறதா என்பதே வேறுபாடு. ஆனாலும் ரசிகர்களின் பெயர்களையே கட்டுக்கட்டாகக் கொண்டுபோனது, அந்த ரசிகர்கள் தோளில் ஏறி வந்த ஒரு குழுவுக்கு அழகல்ல.

எட்டு ஆண்டுகள் கழித்து எதிர்த் திசையில் ஒரு சோதனை நடந்தது. மெட்டலின் பக்கத்து வீட்டுக்காரரான நைன் இஞ்ச் நெய்ல்ஸ் 2008 மார்ச்சில் 'கோஸ்ட்ஸ்' தொகுப்பின் முதல் ஒன்பது பகுதிகளை இலவசமாகவும், முழுவதையும் 5 டாலருக்கும், 2,500 படிகள் மட்டும் கொண்ட அலங்காரப் பதிப்பை 300 டாலருக்கும் வெளியிட்டது. அலங்காரப் பதிப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. மே மாதம் 'த ஸ்லிப்' ஆல்பம் முழுமையாக இலவசம். இரண்டும் படைப்பாக்கப் பொதும உரிமத்தின் கீழ் வந்தன; அதாவது பகிரலாம், மாற்றிச் செய்யலாம், வணிகம் கூடாது. இதை முன்மாதிரியாகச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இருபது ஆண்டு பெரிய நிறுவனங்களின் விளம்பரத்தில் வளர்ந்த பெயர் அது. மேடவாக்கத்தில் ஒரு மாடியறையில் பதிவு செய்யும் குழு இலவசமாகக் கொடுத்தால் 300 டாலர் பதிப்பை வாங்க எவரும் வரிசையில் நிற்கமாட்டார்கள்.

அத்தகைய குழுவுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு டெல்லியில் கிடைக்கிறது. கேஷவ் தார் தம் படுக்கையறையில் தனியாகச் செய்த பதிவுகளை இணையத்தில் போட்டுவைத்தார். அவற்றைக் கேட்டு இங்கிலாந்துப் பாடகர் டேனியல் டாம்ப்கின்ஸ் சேர்ந்துகொண்டார். ஸ்கைஹார்பர் என்ற பெயரில் 2012-இல் வந்த முதல் ஆல்பத்தில் மெகாடெத்தின் முன்னாள் கிதார் கலைஞர் மார்ட்டி ஃப்ரீட்மேனும் வாசித்திருக்கிறார். கிதாரின் ஒலிபெருக்கியைக் கணினியே போலச் செய்யும் மென்பொருளும், தாளத்தை எழுதிச் சேர்க்கும் வசதியும் வந்தபின் மெட்டல் வீட்டிலேயே செய்யக்கூடிய இசையாகிவிட்டது. அதனால்தான் இலவசப் பதிவிறக்கத் தளங்களில் இவ்வகை மிகுதி. அதே காரணத்தால் பதர் மிகுதி.

தளங்கள்

லக்சம்பர்க்கில் 2005-இல் தொடங்கிய ஜமெண்டோவில் ஒவ்வொரு ஆல்பத்தோடும் அதன் உரிமம் காட்டப்படுகிறது; சட்டத் தெளிவில் இதற்கு முதலிடம் தரலாம். இசைத் தரத்தில் தர முடியாது. மெட்டல் என்ற குறிச்சொல்லைத் தட்டினால் வருபவற்றில் பல முதல் முயற்சிகள். இயந்திரத் தாளம் முன்னால் நிற்க, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பொறுமையோடு பத்துக் கேட்டால் ஒன்று தேறும். அமெரிக்க வானொலி நிலையமான டபிள்யூ.எஃப்.எம்.யூ. 2009-இல் நிறுவிய ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததால் தரம் சீராக இருந்தது, பின்னர் கைமாறிவிட்டது. இண்டர்நெட் ஆர்க்கைவில் நெட்லேபிள் தொகுப்பு மெட்டல் தேடுபவர் இறங்கவேண்டிய இடம். அங்குள்ள நேரடிக் கச்சேரித் தொகுப்பு, பதிவு செய்ய அனுமதித்த குழுக்களுடையது என்பதால் நம்பகமானது, மெட்டல் குறைவு.

பேண்ட்கேம்ப் (2008) இவற்றினும் வேறுபட்டது. விலையைக் கலைஞரே வைக்கிறார். குறைந்த விலை பூச்சியம் என்றும் வைக்கலாம். ரிலாப்ஸ் போன்ற நிறுவனங்கள் தம் குழுக்களின் மாதிரித் தொகுப்புகளை இப்படி வெளியிட்டிருக்கின்றன. புதிதாக இவ்விசைக்குள் வருபவருக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை. கோப்பு எம்.பி.3-ஆக மட்டுமன்றி இழப்பில்லா ஃப்ளாக் வடிவிலும் கிடைக்கும். ஆனால் இறக்குபவர் அறியாத ஒரு கணக்கு உண்டு: கலைஞருக்கு மாதத்துக்கு 200 இலவசப் பதிவிறக்கம்தான் தளம் தருகிறது, அதற்கு மேல் வேண்டுமெனில் கலைஞர் காசு கொடுத்து வாங்கவேண்டும், அல்லது விற்றுச் சம்பாதித்திருக்கவேண்டும். இலவசம் என்பது அங்கே யாரோ ஒருவரின் செலவு.

உள்ளூர்ச் சிக்கல் இதைவிடக் கசப்பானது. பேண்ட்கேம்ப் பெரிதும் பேபாலை நம்பி வளர்ந்த தளம். பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளேயே நடக்கும் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. ஜெர்மனியில் இருப்பவர் சென்னைக் குழுவுக்கு அவ்வழியில் பணம் அனுப்பலாம். பள்ளிக்கரணையில் இருப்பவர் மேடவாக்கத்துக்காரருக்கு அனுப்ப முடியாது. டீக்கடையில் கைப்பேசியைக் காட்டிப் பத்து ரூபாய் கொடுக்கும் ஊரில் நிலைமை இது. உள்ளூர் ரசிகர்களுக்கு விலையைப் பூச்சியமாக்குவது கலைஞரின் பெருந்தன்மையாகத் தோன்றினாலும், சில வேளை வேறு வழியின்மையும்கூட. சென்னையின் எஷர்ஸ் நாட் (2012-இல் 'டெசலேஷன்ஸ்' வெளியிட்ட குழு), சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கி வேதாந்தக் கருத்துகளையும் வடமொழி மந்திரங்களையும் டெத் மெட்டலில் ஏற்றிய ருத்ரா போன்ற குழுக்களைத் தேடும் மாணவர், முதலில் குழுவின் சொந்தப் பக்கத்தைத் திறந்து, அங்கே விலையா பூச்சியமா என்று பார்ப்பதே முறை.

சட்டம் சொல்வது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை விலக்களிக்கிறது. திருட்டுத் தளத்தில் இறக்குபவர்களும் இந்த வரியைக் கேடயமாகத் தூக்குவதுண்டு. 'நியாயமான' என்ற அடைமொழியை அவர்கள் படிப்பதில்லை. டிப்ஸ் நிறுவனம் விங்க் மியூசிக் மீது தொடுத்த வழக்கில், பயனர் பாட்டை இறக்கிக்கொள்வது அவருடைய தனிப்பட்ட பயன்பாடுதான் என்று விங்க் வாதிட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அதை ஏற்க மறுத்தது. 2022-இல் அமர்வும் தீர்ப்பை உறுதி செய்தது. தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004-இல் சேர்க்கப்பட்ட 'வீடியோ திருடர்' என்ற பகுதி திரைப்படத்தையும் அதன் ஒலித்தடத்தையும்தான் குறிக்கிறது. மெட்டல் ஆல்பத்துக்கு அந்தச் சட்டம் காவல் நிற்காது. மையச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு உண்டு: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் சேர்த்து.

படைப்பாக்கப் பொதும உரிமத்தோடு வரும் பாட்டிலும் கவனம் வேண்டும். குறும்படம் எடுக்கும் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இது. 'வணிகமற்றது' என்று இருந்தால், விளம்பர வருவாய் வரும் காணொளியில் அதைச் சேர்ப்பது மீறல். 'மாற்றமற்றது' என்று இருந்தால், நாற்பது நொடி வெட்டிப் படத்தின் காட்சிக்குப் பின்னணியாக ஓட்டுவதும் கூடாது. கேட்பதற்கும் நண்பருக்குக் கொடுப்பதற்கும் இரண்டும் தடையல்ல. பாட்டை உருவாக்கியவர் பெயரைச் சொல்வது எல்லா வகைக்கும் பொது; அதுகூடச் செய்யாத படங்கள் ஏராளம்.

கோப்பு கையில் இருப்பதன் மதிப்பு

செயலியில் ஓடவிட்டுக் கேட்கும் இக்காலத்தில் பதிவிறக்கம் எதற்கு என்று கேட்கலாம். 2000-களில் இந்திய மெட்டல் குழுக்களுக்கு மைஸ்பேஸ் பக்கமே முகவரி. 2003 முதல் 2015 வரை அங்கே ஏற்றப்பட்ட இசைக் கோப்புகள், சர்வர் இடமாற்றத்தில் அழிந்துவிட்டதாக 2019-இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிப் பாடல்கள் என்பது செய்திகளில் வந்த கணக்கு. ஆய்வுக்காக முன்பே யாரோ இறக்கி வைத்திருந்த சுமார் 4,90,000 பாடல்கள் மட்டும் இண்டர்நெட் ஆர்க்கைவுக்கு வந்து சேர்ந்தன. விங்க் செயலியும் 2024-இல் மூடப்பட்டது. சிறு குழுவின் ஒரே பதிவு சில சமயம் அந்தக் குழுவிடமே இராது. வன்தட்டு பழுதாகியிருக்கும், பாடியவர் வேலைக்கு வெளிநாடு போயிருப்பார். அனுமதியோடு இறக்கிய ரசிகரின் கணினியில் அது இருந்தால் திரும்பக் கேட்டு வாங்கலாம். இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் சட்டப்படியான பதிவிறக்கம் ஆவணப் பணியும் ஆகிறது. அதைச் செய்பவர் கோப்போடு ஆண்டு, குழுவின் பெயர், உரிமத்தின் பெயர், எடுத்த நாள் ஆகியவற்றையும் ஒரு சிறு உரைக் கோப்பில் எழுதி வைப்பது பயன் தரும்.

பெரிய குழுக்களின் பழைய ஆல்பங்கள் எப்போது தாமாகவே பொதுவாகும் என்ற கேள்வியும் உண்டு. இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஹெவி மெட்டலின் தொடக்கமாகப் பலரும் கொள்ளும் பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. ஆக, அந்த ஒலிப்பதிவு இந்தியாவில் 2031 ஜனவரி 1 அன்று உரிமையிலிருந்து விடுபடும். ஆனால் பாட்டின் வரிகளும் மெட்டும் வேறு கணக்கு: எழுதியவர்களில் கடைசியாக இறப்பவருக்குப் பின் 60 ஆண்டுகள். பாடகர் ஓசி ஆஸ்பர்ன் 2025 ஜூலையில் மறைந்தார். மற்ற மூவர் இருக்கிறார்கள்.