லாரி பேக்கர்: செங்கல்லைப் பிடித்துக்கொண்டோம், ஆளை விட்டுவிட்டோம்

லாரி பேக்கரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பத்தி வைத்துக்கொள்கிறார்கள். முதல் பத்தியில் செலவு குறைந்த வீடுகள், பூசாத செங்கல் சுவர், 1990-ல் பத்மஸ்ரீ. கடைசிப் பத்தியில் அன்பான கணவர், மூன்று பிள்ளைகளுக்கு நல்ல அப்பா. இரண்டுக்கும் நடுவே தொடர்பே இருக்காது. ரெண்டும் ஒரே பத்திதான் என்பது என் வாதம். அதைப் பிரித்துவிட்டதால்தான் அவர் பெயரைச் சொல்லி இன்றைக்குக் கட்டப்படும் பல வீடுகள் அவருக்கே எதிரானவையாக இருக்கின்றன. நான் கள்ளக்குறிச்சிக்காரன் என்பதால், கல்வராயன் மலையை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கிறேன்.

முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1917-ல் பர்மிங்காமில் பிறந்தவர். போரில் ஆயுதம் எடுக்க மறுக்கும் குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவ உதவிக் குழுவில் வேலை செய்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தார். 1945-ல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகள் கட்டும் வேலைக்காக இந்தியா வந்தார். 1948-ல் எலிசபெத் ஜேக்கப் என்ற கேரளத்து மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு குடும்பத்திலும் எதிர்ப்பு இருந்தது. இருவரும் இமயமலைப் பக்கம் பித்தோராகட் போனார்கள். அந்த அம்மா டாக்டர் என்று தெரிந்ததும் நோயாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அங்கேயே 16 வருஷம் தங்கிவிட்டார்கள். 1963-ல் வாகமண், அதன்பின் திருவனந்தபுரம். 2007 ஏப்ரல் 1 அன்று இறந்தார்.

என் பார்வையில் இதில் முக்கியமான இடம் பித்தோராகட்தான். இங்கிலாந்தில் படித்த கட்டடக் கலைஞருக்கு அந்த மலையில் தெரிந்த பொருள் எதுவும் கிடைக்கவில்லை. ஊர்க்காரர்கள் கல்லும் மண்ணும் மரமும் வைத்துக் கட்டியதைப் பார்த்துத்தான் படித்தார். வீடும் மருத்துவமனையும் அங்கே ஒரே குடும்பத்தின் வேலை. மனைவி வைத்தியம் பார்க்க, இவர் கட்டினார்; தேவைப்பட்டபோது அறுவைச் சிகிச்சையிலும் கூட நின்றார். கூரை ஒழுகினால் முதலில் நனையப்போவது அவர் வீட்டு ஆட்கள்தான்.

பின்னாளில் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் ஒரு பாறைச் சரிவில் தனக்கென 'ஹாம்லெட்' வீட்டைக் கட்டினார். பழைய மரம், உடைந்த ஓடு, மிச்சமான பொருள் என்று கையில் கிடைத்ததை வைத்து, குடும்பத்தின் தேவைக்கு ஏற்ப அந்த வீடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. மென்பொருள் துறையில் ஒரு வழக்கம் உண்டு: நாம் எழுதும் மென்பொருளை முதலில் நாமே தினமும் பயன்படுத்தணும். அப்போதான் அதில் எது உறுத்துகிறது என்று தெரியும். பேக்கர் அதைத்தான் வீட்டில் செய்தார்.

அவருடைய நுட்பங்களும் வீட்டுக்காரனின் கணக்கிலிருந்து வந்தவையே. எலிப்பொறிக் கட்டு என்பது செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவது. சுமார் கால்வாசி செங்கல் மிச்சமாகும், உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது. அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய ஓட்டை வைத்து நிரப்பினால் சிமெண்ட் குறையும், தளத்தின் எடையும் குறையும். திருவனந்தபுரம் உள்ளூரில் 1970-களில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஓட்டைச் சுவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றாடி போடாமலே காற்று வருவதற்கு அங்கே யோசித்திருக்கிறார்.

இனி விமர்சனம். பேக்கரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது தோற்றத்தை மட்டும்தான். பூசாத சிவப்புச் செங்கல், வளைவு ஜன்னல், வண்ண பாட்டில் பதித்த சுவர். இப்போ அது நகரத்து வசதிக்காரர்களின் ரசனை. பல இடங்களில் சாதாரண வீட்டைவிட அதற்குத்தான் செலவு அதிகம்! ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்டப்படணும் என்ற காந்தியின் யோசனைதான் தன்னை மாற்றியது என்று பேக்கர் திரும்பத் திரும்பச் சொன்னவர். அந்த விதியை வைத்துப் பார்த்தால், வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ ஒரு 'பேக்கர் பாணி' செங்கல் வீடு கட்டுவது அவருக்குச் செய்யும் துரோகம். செங்கல் கீழ்நாட்டுச் சூளையிலிருந்து கொண்டைஊசி வளைவு ஏறி வரணும். மலையில் இருப்பது கல், மண், மூங்கில், புல்.

அப்போ மண் வீடே கட்டிக்கொடுத்துடலாமா? இங்கேதான் பேக்கரைக் கொண்டாடுகிறவர்கள் சறுக்குகிறார்கள். கல்வராயன் மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அந்த மலை ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து முழுசாக விடுபட்டது 1976-ல்தான். மண் சுவரும் புல் கூரையும் அவர்களுக்கு அழகியல் அல்ல, வேறு வழி இல்லாமல் இருந்த காலத்தின் அடையாளம். கீழே இருக்கிறவனுக்கு மெத்தை வீடு, மேலே இருக்கிறவனுக்கு மட்டும் மண் வீடு என்றால் அவர்கள் கோபப்படுவது நியாயம். தளம் போட்ட வீடு என்பது அங்கே மரியாதை. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு மண்ணின் குளிர்ச்சியைப் பற்றி அவர்களுக்கு வகுப்பெடுக்க நமக்கு என்ன தகுதி?

பேக்கருக்கு அந்தத் தகுதி இருந்தது. தான் சொன்ன வீட்டில் தன் மனைவியையும் பிள்ளைகளையும் குடிவைத்த மனுஷன் அவர். குடும்பஸ்தன் என்பது அவர் வாழ்க்கையின் கடைசிப் பத்தி இல்லை, அவருடைய தொழில் தகுதியே அதுதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

அவரிடமும் ஒரு பெரிய குறை உண்டு. ஒப்பந்ததாரரை நம்பாமல், கொத்தனார்களோடு தானே தளத்தில் நின்று, கையில் கிடைத்த தாளில் வரைந்து கட்டினார். அவர் நின்ற இடத்தில் வேலை அற்புதமாக நடந்தது. ஆனால் அரசாங்கம் ஆயிரக்கணக்கில் கட்டும் வீடுகளுக்கு அந்த முறை பொருந்தாது. 1985-ல் தொடங்கிய 'காஸ்ட்ஃபோர்டு' அமைப்பும், அவர் எழுதிய எளிய கையேடுகளும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பின. முழுசாக நிரப்பவில்லை. கட்டணம் செலவின் சதவீதமாக இருக்கும்வரை, செலவைக் குறைக்கிறவனுக்கு வருமானமும் குறையும். இந்த முடிச்சை அவர் தனக்கு மட்டும் அவிழ்த்துக்கொண்டார், மற்றவர்களுக்கு அது அப்படியே இருக்கு.

2024-ல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போடணும், மீதி 60 சதுர அடிக்கு வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். குடிசைக்குப் பதிலாக ஒழுகாத வீடு என்பது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலைக்கு மணலும் செங்கல்லும் ஏற்றும் வண்டிக் கூலி இந்தத் தொகையைத்தானே தின்னும்? அங்கேயே கிடைக்கும் கல்லில் அடித்தளமும் சுவரும், ஓடு பதித்த தளம், பக்கத்தில் அந்த 60 சதுர அடியில் அவர்கள் விரும்பும் அடுப்படி அல்லது தானியம் வைக்கும் இடம். இதற்கு மதிப்பீட்டில் இடம் கொடுத்தாலே போதும். மெத்தை வீட்டின் மரியாதையும் குறையாது. 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலையும் சிறு வன மகசூலில் சேர்த்திருக்கிறது. அந்த உரிமை நடைமுறைக்கு வந்தால் மூங்கிலும் ஐந்து மைலுக்குள் வந்துவிடும்.

சென்னைக்காரர்கள் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போகலாம், அதன் வடிவமைப்பில் பேக்கரின் பங்கு உண்டு. போனால் சுவரைப் படம் எடுப்பதோடு நிறுத்தாதீங்க. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எங்கே, தண்ணி எங்கே, வயசானவங்க எங்கே உட்கார்ந்திருப்பாங்க என்று பாருங்கள். மலையில் வீடு கட்டப்போகும் பொறியாளருக்கும் இந்தக் கேள்விகள்தான் தேவை. கூடவே இன்னொன்று: இந்த வீட்டில் என் குடும்பத்தை ஒரு மழைக்காலம் தங்க வைப்பேனா?