ஆதிசைவ மரபும் ஊவாத் தோட்டத்துக் கோயில்களும்

பதுளைப் பகுதித் தோட்டங்களிற் கும்பாபிஷேகம் நிகழுந்தோறும், கோயிற் பூசைக்குச் சிவாசாரியரே என்றும் உரியவர் என்னும் பேச்சு எழுவதுண்டு. இக்கருத்து ஆராய்தற்குரியது.

சிவாசாரியர் தம் குலமுதல்வராகக் கௌசிகர், காசியபர், பாரத்துவாசர், கௌதமர், அகத்தியர் ஆகிய ஐவரைக் கூறுவர். சதாசிவத்தின் ஐந்து முகங்களிலும் தீட்சை பெற்றோர் இவர் என்பது மரபு. பிறப்போடு தீட்சையும் ஆசாரியாபிஷேகமும் உடையவரே பரார்த்த பூசைக்குரியர் என்பது ஆகம முடிபு. 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் வகுத்த பத்ததி இன்றும் பயில்கின்றது. இம்மரபின் ஒழுங்கை மறுப்பதற்கில்லை.

ஆயின், தோட்டத்து வழிபாட்டின் மூலம் வேறு. 19ஆம் நூற்றாண்டிற் கங்காணிமாரின் பின்னே வந்த தொழிலாளர் மாரியம்மனையும் முனியாண்டியையும் உடன்கொணர்ந்தனர். தொழிற்சாலைச் சக்கரத்தருகே ரோதைமுனியும் தேயிலை மலையிற் கவ்வாத்துச்சாமியும் தோன்றினர். பகலிற் கவ்வாத்து வெட்டியவரே மாலையிற் பூசாரியாய் உடுக்கையேந்தினார். எம் பாட்டனார் அத்தகையர். கோயில் புதுக்கப்பெற்றபின் அவர் வெளிவாசலில் நின்று கைகூப்பியதை யான் கண்டதுண்டு.

ஊவாவிலுள்ள கதிர்காமத்திற் கப்புறாளைமார் வாய்கட்டி, மந்திரமின்றிப் பூசிக்கின்றனர். அருணகிரிநாதர் பாடிய அத்தலம் அதனாற் சிறுமையுற்றதா?

ஆதிசைவரான சுந்தரரே வேடராகிய கண்ணப்பரைத் திருத்தொண்டத்தொகையிற் போற்றினார். ஆகமநெறி நின்ற சிவகோசரியாரும் இறைவன் பணித்தவாறு மறைந்துநின்று அவ்வன்பைக் கண்டார். மரபின் பெயரால் பூசாரியை விலக்குவோர் அம்மரபை முழுமையாகக் கற்றவரல்லர். சிவாசாரியர் வருக, பூசாரியும் உள்ளே நிற்க.