பெடல் இருந்தா கமகம் வந்துடுமா?

"பெடல் ஸ்டீல் கிட்டார்ல கர்நாடக சங்கீதம் பிரமாதமா வரும், சுரத்தை வளைக்கத்தானே பெடலே இருக்கு" என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான். இப்போ இல்லை.

முதலில் கருவி. மேசை மாதிரி கால்களில் நிற்கும், பெரும்பாலும் 10 தந்தி. இடது கையில் இருக்கும் இரும்புக் கட்டையைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்க வேண்டும். பெடலை மிதித்தால் குறிப்பிட்ட சில தந்திகளின் சுருதி மட்டும் ஏறும். நாஷ்வில்காரர்களின் ஈ9 முறையில் முதல் பெடல் பி தந்திகளை சி ஷார்ப்புக்கு ஏற்றும், இரண்டாவது ஜி ஷார்ப் தந்திகளை ஏ-வுக்கு. ஈ-யை நம்ம ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், பஞ்சமம் சதுஸ்ருதி தைவதமாகவும், அந்தர காந்தாரம் சுத்த மத்யமமாகவும் மாறும். ரெண்டையும் சேர்த்து மிதித்தால் கட்டை நகராமலே ஸ-க-ப என்ற கார்டு ஸ-ம-த ஆகிவிடும். 1954-ல் வெளியான வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ், தந்தி ஒலிக்கும்போதே பெடலை மிதித்தார். கண்ட்ரி இசையின் அந்த அழுகைச் சத்தம் பரவியது அதிலிருந்துதான்.

அதன் அழகு எங்கே இருக்கு? ஒரு சுரம் நகரும்போது இன்னொரு சுரம் அசையாமல் நிற்பதில். அது கார்டு இசையின் தேவை. நமக்கு ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் பேச வேண்டும். அதை வளைக்க இடது கைக் கட்டையே போதும். பெடலுக்கோ ஸ்க்ரூ வைத்த எல்லை உண்டு. அரை மிதி மிதிக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கையின் நுணுக்கம் காலுக்கு எப்படி வரும்?

ஒரு ஞாயித்துக்கிழமை பைத்தானில் தோடி காந்தாரத்தை ரெண்டு எல்லைக்கு நடுவே ஒரே சீராக ஏத்தி இறக்கிப் பார்த்தேன். கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருந்தது. எர்ணாவூர்ல அந்தச் சத்தத்துக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை.

நம்ம ஆட்கள் வேறு வழியில் போனார்கள். திருவிடைமருதூர் சகாராம ராவும் அவர் சிஷ்யர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் வாசித்த கோட்டுவாத்தியத்தில் முக்கியத் தந்திகள் ஸட்ஜமும் பஞ்சமமும்தான். 1967-ல் 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் பிரிஜ் பூஷண் காப்ரா ஹவாயன் கிட்டாரில் ராகம் வாசித்தார். விஸ்வ மோகன் பட் கிட்டாரில் சுருதித் தந்திகளும் அனுநாதத் தந்திகளும் சேர்த்து மோகன வீணை ஆக்கினார். ரை கூடருடன் அவர் வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' 1994-ல் கிராமி வாங்கியது. அதில் பெடலே கிடையாது. கேட்கும்போது பெடல் இல்லையே என்று ஒரு இடத்திலும் தோணலை.

திறந்த தந்தியில் அந்தர காந்தாரம் இருந்தால் தோடி வாசிக்கும்போது அது குறுக்கே ஒலிக்கும். அதனால் நமக்குத் தேவை, சுருதியைக் கூட்டுவதல்ல, குறைப்பது.

பெடலுக்கு வேலையே இல்லையா? இருக்கு, சுருதித் தந்தியில். மால்கௌன்ஸில் பஞ்சமம் கிடையாது, அதனால் இந்துஸ்தானிக்காரர்கள் தம்புராவை மத்யமத்துக்கு மாற்றுவார்கள். பஞ்சமத்தை ஒரு முழு சுரம் இறக்கும் ஒரே ஒரு நெம்புகோல் அந்த வேலையை நொடியில் செய்துவிடும். பெடல் ஸ்டீலை நம்ம ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

என் பழைய கிட்டார் ஓப்பன் ஈ-யில் இருந்தது. கடல் காத்துல காந்தாரத் தந்தி துருப்பிடிச்சுது, கழட்டினேன். புதுசு வாங்கியும் மாட்டலை. ஸ-ப-ஸ-ப-ஸ, அஞ்சு தந்தி. இப்போதான் தோடி கொஞ்சம் தோடி மாதிரி கேக்குது.