குஷன் பார்த்து வாங்குங்கள்

ஃபோர்டு ஐகான் 1.6-க்குக் கிளட்ச் மாற்றப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு பவர் தாங்கும்?" என்றுதான். மறைமலைநகரில் தயாராகி 1999 கடைசியில் சாலைக்கு வந்த அந்த வண்டிதான் நம் பக்கத்து ஸ்போர்ட்ஸ் கார் என்பது என் கட்சி. அதன் இன்ஜினுக்குக் கம்பெனி கிளட்சே தாராளம். ஃபில்டரும் எக்ஸாஸ்டும் மாற்றிவிட்டால் டார்க் மலைபோல ஏறிவிடாது. ரோட்டு காருக்கான எந்தக் கிளட்சையும் இன்ஜின் தருவதைவிடக் கணிசமாக அதிகம் தாங்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு.

புதுப் பிளேட் கைக்கு வந்ததும் எல்லோரும் டேம்பர் ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் விளிம்பைத் திருப்புவேன். இரண்டு லைனிங்குக்கும் நடுவே லேசாக நெளிந்த மெல்லிய எஃகு இதழ்கள் தெரியும். அதுதான் குஷன். முழுதாக அமுங்கினாலும் ஒரு மில்லிமீட்டரை எட்டுவதே அபூர்வம். ஆனால் பெடலை விடும்போது பிடிமானம் ஒரேயடியாக விழாமல் படிப்படியாக ஏறுவது அந்த நெளிவால்தான். பர்கூர் ஜவுளிச் சந்தையில் பேல் இறக்கும் சுமைக்காரர் தோளிலிருந்து பொத்தென்று போடமாட்டார்; முழங்காலில் ஒரு கணம் தாங்கித் தரையில் வைப்பார். குஷன் அந்த முழங்கால். இதழ்கள் ஒரே சீராக நெளிந்திருக்க வேண்டும், ரிவெட் லைனிங்குக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இவ்வளவு பார்த்த பிறகு விலை கேட்டால் போதும்.

இதன் அருமை தெரிய ஏலகிரிக்குப் போகவேண்டும். கவிஞர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் முன்னால் போகும் பஸ் நிச்சயம் நிற்கும். மேட்டில், ஸ்டியரிங் முழுக்க ஒடித்த நிலையில், ஹேண்ட்பிரேக்கை விட்டு வண்டியை நகர்த்தும் அந்த ஒரு நொடியில் பிளேட்டின் ஜாதகம் முழுக்க வெளியே வந்துவிடும்.

பட்டன் கிளட்ச் ரசிகர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு. செராமிக் பட்டன் சூட்டைத் தாங்கும், உராய்வும் அதிகம், மறுக்கவில்லை. ஜெகதேவி பக்கம் கிரானைட் பாறையோடு கிளம்பும் லாரிக்கு அது பொருத்தம். "ரேஸ்ல இதைத்தான் போடுறாங்க" என்பார்கள். ரேஸில் ஒருமுறை கிளம்பினால் கொடி விழும்வரை ஓடலாம். பொங்கலுக்கு முந்தின ராத்திரி கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் எத்தனை முறை கிளம்புவது? பட்டன் பிளேட்டுக்குப் பெரும்பாலும் குஷனே கிடையாது. ஒன்று பிடிக்கும், இல்லாவிட்டால் விடும். நடுவில் வண்டி உதறும். பவரைக் காட்ட முரட்டு பிரஷர் பிளேட் போடுகிறவர்களும் உண்டு. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கூடுதல் அழுத்தம் கிராங்க்கின் த்ரஸ்ட் பேரிங் மேல் போய் உட்காருகிறது. முழங்கால் வலியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ரோட்டு வண்டிக்கு நான் சொல்வது ஆர்கானிக் லைனிங், குஷன், கம்பெனி அளவு டயஃப்ரம் ஸ்பிரிங். இதில் லூக் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. 1965-இல் ஜெர்மனியின் ப்யூல் ஊரில் தொடங்கி, பீட்டில் காருக்கு டயஃப்ரம் கிளட்ச் செய்துகொடுத்த நிறுவனம் அது. லைனிங் தேயத் தேய டயஃப்ரத்தின் அழுத்தம் முதலில் கூடி, பிறகுதான் குறையும். பழைய காயில் ஸ்பிரிங்கில் அது இறங்குமுகம் மட்டுமே. லூக்கின் இந்தியத் தொழிற்சாலை ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில் அமைந்தது. 2018-இல் ஷெஃப்லர் இந்தியாவோடு இணைந்தது. பெங்களூர் ஜே.சி. ரோடு வரை போய், ஜெர்மன் பெயருக்காகவே பெட்டி வாங்கி, ஓசூரைக் கடந்து பர்கூருக்குக் கொண்டுவரும் பெருமைக்காரர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வாலியோ கிளட்ச்தான் மென்மை என்பவர்களோடு ஏலகிரி அடிவாரத்தில் பேசிக்கொள்ளலாம்.

பிளேட் நன்றாயிருந்தும் வேலை கெடுவதுதான் இப்போதைய நிலைமை. திருப்பத்தூர் ரோட்டில் முன்பு ஒரு பெரியவர் இருந்தார். பிளைவீலில் நீலப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் லேத்துக்கு அனுப்பாமல் பிளேட்டைத் தொடமாட்டார். பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்டை விட்டு நடுவம் பார்ப்பார். முடிந்ததும் ஆக்சிலரேட்டர் தொடாமல் முதல் கியரில் வண்டியை நகர்த்தி, கண்ணை மூடிக் கேட்பார். இன்றைக்கு எமரி தாளால் இரண்டு தேய்ப்பு, முடிந்தது. கியர்பாக்ஸை இறக்கக் கூலி கொடுத்த கையோடு, ரிலீஸ் பேரிங்கைப் பழையதே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். லைனிங் படிய சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டவும் யாருக்கும் பொறுமை இல்லை. அன்று சாயங்காலமே டயரைக் கத்தவிட்டு வீடியோ எடுக்கவேண்டும்.

ஐகான் 2011-லேயே நின்றுபோனது. 2021-இல் ஃபோர்டு இந்தியத் தயாரிப்பையே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அதே ஆண்டில் பக்கத்துப் போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர்கள் கிளம்பின, கிளட்சே இல்லாமல். ஓசூரில் கிளட்ச் செய்து பேர் வாங்கிய மாவட்டம்! ஸ்கூட்டர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கிருஷ்ணகிரி ஸ்பேர்ஸ் கடையில் ஐகான் பிளேட் கேட்டால், "ஆர்டர் போட்டாத்தான் வரும், அட்வான்ஸ் குடுங்க" என்கிறார்கள். பிரித்து விளிம்பைப் பார்க்கலாமா என்றால், சீல் உடைத்தால் திரும்ப எடுக்கமாட்டார்களாம்.