வெள்ளை விட்ட இடம்

சாரல் காலத்து ஐந்தருவியைக் கறுப்பு மசியால் மட்டும் வரைய உட்காரும் மாணவருக்குத் தண்ணீரைத் தீட்ட வழியே இல்லை. பாறையைத்தான் தீட்ட வேண்டும். ஈரக் கருமையை அடர்த்தியாகப் பூசி, நடுவே ஐந்து இடங்களில் தாளை அப்படியே விட்டால் அருவி விழும். மசி சற்றுக் கூடினால் பாறை அதை விழுங்கிவிடும். என்ன அருமையான பயிற்சி!

1938-இல் பிறந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களில், கோடுகள் நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். பின்னாளில் வண்ணங்களோடு அரூபத்துக்குப் போனார்.

மாணவரும் போகலாம். வரைந்த தாளைத் தலைகீழாகத் திருப்பினால் போதும்: அருவி மறைந்துபோகும். எந்தப் பக்கம் கறுப்பு கனக்கிறது, எங்கே வெள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்பது சட்டெனத் தெரியும்.